உங்களுக்குத் தெரியுமா? பெட்டிக்கு மாட்டும் டயர்

தெல்தோட்டைப் பக்கம் டிரக்டர் பெட்டி ஓடாத தோட்டத்தைக் காண்பது அரிது. கொழுந்து, உரம், விறகு, கல், மணல், வீடு மாறினால் தட்டுமுட்டுச் சாமான், அவசரத்துக்கு ஆட்கள் என்று எல்லாவற்றையும் அதுதான் சுமக்கிறது. ஆனால் அதற்கு டயர் மாற்றும் நாள் வந்தால் மட்டும், "பெட்டிக்குத்தானே, கிடக்கிற பழசை மாட்டு" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சை இனி விட வேண்டும் என்பதற்காகவே இந்த வாரம் முழுக்க டயர்.

◆ பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறுகிறோம் அல்லவா? அந்தப் பாதை புறப்படும் இடத்துத் தாவரவியல் பூங்காவுக்கும் நம் பெட்டிகளுக்கும் இரண்டு வகையில் சொந்தம் உண்டு. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் முதலில் தேயிலை விதை வாங்கியது பேராதனையிலிருந்துதான். ஒன்பது ஆண்டு கழித்து, 1876இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 ரப்பர் கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. அப்போது பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர் துவெய்ட்ஸ். வெப்பமான தாழ்நிலம்தான் ரப்பருக்கு ஒத்துவரும் என்பதால் கன்றுகள் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. நம் பெட்டியில் ஏறும் கொழுந்தும் பெட்டிக்கு அடியில் உருளும் ரப்பரும் ஒரே பூங்காவின் வழியாக இந்த நாட்டுக்கு வந்தவை.

◆ காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் டன்லப் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். டன்லப் பெல்பாஸ்ட்டில் தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்கு டயர் செய்தது 1888இல். அதற்கு 43 ஆண்டுக்கு முன்பே, 1845இல், ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற 23 வயது இளைஞர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தப் பழைய காப்புரிமை வெளியே வந்ததும் டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. இந்தத் தொம்சன் பிறந்தது ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில். நம் ஜேம்ஸ் டெய்லரும் அதே மாவட்டத்துக்காரர்!

இன்னொன்றும் உண்டு. டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்ட அதே 1867இல், தொம்சன் தடித்த ரப்பர் பட்டை போட்ட சக்கரங்களில் ஓடும் நீராவி வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1870களின் தொடக்கத்தில் குரொம்டன் என்ற ராணுவ அதிகாரி அத்தகைய வண்டிகளை இந்தியாவுக்குக் கொண்டுபோய், பின்னால் வரிசையாகப் பெட்டிகளைப் பூட்டித் தெருவில் இழுக்க வைத்தார். ரப்பர் சக்கர வண்டி தெருவில் பெட்டி இழுப்பது அவ்வளவு பழைய சங்கதி.

◆ டயருக்குப் பிறந்த தேதி உண்டு. பக்கச் சுவரில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அது. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மூன்றே இலக்கங்கள் இருந்தால் 2000க்கு முன் செய்தது. விலை கேட்கவே வேண்டாம். பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். மாட்டியவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தால், பெட்டிக்கு அடியில் படுத்து, ஈரத்துணியால் சேற்றைத் துடைத்து, டோர்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். நீள்வட்டக் கட்டத்துக்குள் சின்னதாக இருக்கும். விரலால் தடவினாலே தட்டுப்படும். கடையில் 'புதுசு' என்று தரும் டயர் நான்கு வருடமாக அடுக்கில் கிடந்ததா என்பதையும் இந்த நான்கு இலக்கங்களே சொல்லிவிடும்.

◆ கார் டயர் ஓடித் தேயும். பெட்டி டயர் அப்படியில்லை, பெரும்பாலும் நின்றே கெடும். கொழுந்து குறைந்த காலத்தில் பெட்டி மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கிறது. சுமை மட்டும் இறங்குவதில்லை. வெளிநாடுகளில் படுக்கை, அடுப்பு, மேசையெல்லாம் வைத்துக் காரின் பின்னால் இழுத்துப்போகும் கரவன் வீடுகளுக்கும் இதே கதைதான். வருடத்தில் சில வாரம் ஓடும், மீதி நாளெல்லாம் முற்றத்தில் நிற்கும். பிரித்தானியாவின் கரவன் சங்கத்தார் ஐந்து வருடத்தில் டயரை மாற்றுங்கள், ஏழு வருடத்தைத் தாண்டவே விடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். வெட்டுக்கோடுகள் நேற்று வாங்கியதுபோல ஆழமாக இருந்தாலும் சரி.

◆ நிற்கும் டயரில் ஏன் வெடிப்பு விழுகிறது? டயர் ரப்பரில் ஒருவகை மெழுகைக் கலந்திருக்கிறார்கள். சக்கரம் உருண்டு ரப்பர் மடங்கி நிமிரும்போது அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து படர்ந்து, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை அரிக்காமல் காக்கிறது. உருளாத டயரில் மெழுகு மேலே வராது. வெயிலும் சேர்ந்தால் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். ஆகவே நிற்கும் பெட்டியின் டயரைச் சாக்குப்போட்டு மூடுங்கள், அடியில் பலகை வையுங்கள், முடிந்தால் அச்சுக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கி விடுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைப்பது டயருக்குச் செய்யும் கெடுதல். காக்கிற மெழுகையும் எடுத்துவிடும், ரப்பரையும் இளக்கிவிடும்.

◆ இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சரே பகுதியில் ஒரு பஸ் மரத்தில் மோதியது. இசைவிழா பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த இளைஞர் கூட்டம் அதில் இருந்தது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தார்கள், பலர் படுகாயப்பட்டார்கள். முன்சக்கர டயர் வெடித்ததே காரணம். அந்த டயரின் வயது 19க்கு மேல். பஸ்ஸைவிட டயர் மூத்தது! கோடுகள் ஆழமாகத்தான் இருந்தன. அன்றைய சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் விடாமல் போராடினார். 2021 பெப்ரவரி 1 முதல் பஸ், லொறிகளின் முன் அச்சில் பத்து வயது கடந்த டயர் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது.

மொட்டையாகாத டயர் நல்ல டயர் என்று நாமும் நம்புகிறோம். தோட்டத்துப் பெட்டி கவிழ்ந்து பெண்கள் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி மலையகத்தில் எத்தனை முறை வந்துவிட்டது! ஒவ்வொன்றுக்கும் டயரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் ஏறும் பெட்டிக்கு வயது தெரியாத டயரை மாட்டுவது, அந்தப் பெண்களின் உயிரை மலிவாக எடைபோடுவதுதான்.

◆ டயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்தாற்போல் உள்ள எண் அது தாங்கும் பாரத்தின் குறி. 100 என்றால் 800 கிலோ. 118 என்றால் 1,320, 122 என்றால் 1,500. லொறி டயரில் 122/118 என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது ஒற்றைச் சக்கரமாக மாட்டினால், இரண்டாவது இரட்டைச் சக்கரமாக மாட்டினால்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 என்று குறித்த டயர்கள் இரண்டு பூட்டிய பெட்டி. இரண்டும் சேர்ந்து 1,600 கிலோ தாங்கும். பெட்டியின் சொந்த எடை 600 என்றால் மிச்சம் ஆயிரம். ஆளுக்கு 55 கிலோ என்று இருபது பேர் ஏறினாலே 1,100! கொழுந்திலும் ஒரு சூது உண்டு. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். மழையில் பறித்தால் இலைமேல் நிற்கும் தண்ணீரும் சேரும். மடுவத்தில் தராசு காட்டும் கழித்த எடையை டயர் அறியாது, ஈரத்தோடு மொத்தத்தையும் அதுதான் சுமக்க வேண்டும்.

◆ கார் டயரைப் பெட்டிக்கு மாட்டலாமா? அமெரிக்க முறைப்படி, மாட்டினால் அது தாங்கும் பாரத்தை 1.1ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். 800 என்பது 727 ஆகிவிடும். ட்ரெயிலருக்கென்றே அங்கே 'எஸ்.டி.' என்று குறித்த டயர்கள் வருகின்றன. பின்னால் வரும் வண்டி வாலாட்டாமல் இருக்க அவற்றின் பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும். அது கிடைக்காத இடத்தில் லொறி வகை டயரே மேல்.

◆ '16 பிளை' என்றால் உள்ளே 16 துணி அடுக்கு இருக்கிறதென்று எண்ண வேண்டாம். பருத்தி நூல் காலத்துக் கணக்கு அது. இன்று அது பலத்தின் அளவு மட்டுமே.

◆ 7.50-16 என்று நடுவில் கோடு போட்டிருந்தால் குறுக்கு நூல் டயர். கோட்டுக்குப் பதில் ஆங்கில 'ஆர்' எழுத்து இருந்தால் ரேடியல், 1946இல் மிஷெலின் காப்புரிமை பெற்ற வகை. ஒரே அச்சில் ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்று மாட்டவே கூடாது. இரண்டும் வளைவில் வெவ்வேறாக இழுக்கும். கலஹா பாதையில் வளைவுக்கா பஞ்சம்?

◆ பாரத்தைச் சுமப்பது ரப்பர் அல்ல, காற்று. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி, உள் அடுக்குகள் பிரிந்து, ஒருநாள் வெடிக்கும். கரவன் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கே காற்றடிப்பார்கள். பார்ப்பது காலையில், ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடிச் சூடேறிய டயரில் 'காற்றுக் கூடிவிட்டது' என்று இறக்கிவிடுவது பிழை.

இதில் மலைநாட்டுக்கே உரிய ஒரு விந்தையும் உண்டு. கொழும்பில் 50 பவுண்ட்ஸ் அடித்த டயரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் என்ன காட்டும்? மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் மீட்டர் ஏறத்தாழ மூன்று பவுண்ட்ஸ் கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் குளிரில் உள்காற்று சுருங்கி ஏறத்தாழ அதே மூன்றைக் குறைத்துவிடும். கடைசியில் மீட்டரில் பழைய ஐம்பதுதான்!

◆ ரீபில்ட் டயர் என்றாலே முகம் சுளிக்க வேண்டாம். விமான டயர்களையே மேற்பட்டை மாற்றிப் பல தடவை பாவிக்கிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்பாகத்தின் வயது. மேலே புதுப்பட்டை மினுங்கினாலும் பக்கச் சுவரில் பழைய பிறந்த தேதி அப்படியே இருக்கும்.

◆ டிரக்டர் டயரில் 'ஏ8' என்று இருந்தால் மணிக்கு 40 கிலோமீட்டர்தான் அதன் எல்லை. 'ஏ6' என்றால் 30. வயலுக்குச் செய்த டயரைப் பெட்டியில் போட்டுப் பேராதனை இறக்கத்தில் லொறியோடு போட்டி போடக் கூடாது.

◆ களனியில் 1960களில் சோவியத் உதவியோடு எழுந்த அரச டயர் தொழிற்சாலைதான் பின்னாளில் களனி டயர்ஸ் ஆகி, இந்தியாவின் சியெட்டுடன் கைகோத்தது. அந்தச் சியெட்டும் பிறப்பால் இந்தியாவுடையதல்ல, 1924இல் இத்தாலியின் டூரினில் தொடங்கியது. 2020இல் டயர் இறக்குமதிக்குத் தடை விழுந்தபோது நம் ஊர்க் கடைகளுக்குக் கைகொடுத்தது உள்நாட்டு உற்பத்திதான்.

◆ டியூப் போட்ட டயரை மாற்றும்போது டியூப்பையும் பிளாப்பையும் சேர்த்து மாற்றுங்கள். ஓடிய டியூப் நீண்டிருக்கும். புது டயருக்குள் மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே கிழியும். மாற்று வீலில் தொங்கும் டயருக்கும் வயது ஓடுகிறது, அதன் நான்கு இலக்கங்களையும் பார்த்துவிடுங்கள். வீல் நட்டுகளை முடுக்கியதோடு வேலை முடிந்ததென்று விடாமல், 50 முதல் 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை முடுக்குங்கள். முதல் ஓட்டத்தில் அவை கொஞ்சம் தளர்வது உண்டு.