பட்டதாரிகளும் படைப்பணியும்

சென்ற ஆண்டு பொத்தேரியில் என் இல்லத்திற்குப் பழைய மாணவன் ஒருவன் வந்தான், பி.எஸ்ஸி. இறுதியாண்டு படிப்பவன். "ஐயா, நான் இராணுவ அதிகாரியாக விரும்புகிறேன். தேசிய மாணவர் படையில் இருந்தவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லையாமே. இப்பொழுது அதில் சேரலாமா?" என்று வினவினான். காலம் கடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நாணமாக இருந்தது. அவன் பள்ளியில் பயின்ற காலத்தில் அவனுக்குத் தலைமையாசிரியனாக இருந்தவன் நான். மருத்துவம், பொறியியல் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசிய நான், இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

மாணவ நண்பர்களே, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தேசிய மாணவர் படையில் கல்லூரியின் முதலாண்டிலேயே சேர்ந்துவிட வேண்டும். இறுதியில் கிடைக்கும் 'சி' சான்றிதழில் 'பி' தரமேனும் பெற்று, பட்டப்படிப்பில் ஐம்பது விழுக்காடும் எடுத்தவர், எழுத்துத் தேர்வின்றிப் பணித்தேர்வு வாரியத்தின் முன் செல்ல விண்ணப்பிக்கலாம். மூன்றாமாண்டில் விழித்துக்கொள்பவர்க்கு இவ்வழி இல்லை.

அவர்களுக்கும் வேறு வழி உண்டு. மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திற்கு மட்டும் விண்ணப்பிப்போர்க்கு ஆங்கிலமும் பொது அறிவுமே பாடங்கள். கணக்கைக் கண்டு அஞ்சுவோர் இதைக் கவனிக்க! அக்கழகம் தொலைவில் இல்லை. பொத்தேரியில் மின்ரயில் ஏறினால், அதே இருப்புப்பாதையில் பரங்கிமலையில் இறங்கலாம். 1962-இல் சீனப் போர் மூண்டபின், அதிகாரிகளின் தேவை மிகுந்து, 1963-இல் தொடங்கப்பெற்றது அது. 1992 முதல் பெண்களும் அங்குப் பயில்கின்றனர். இவ்வழி வருவோர்க்குப் பணிக்காலம் பத்தாண்டு. மேலும் நான்காண்டு நீட்டிக்கப்பெறலாம்.

தாம்பரத்தில் வாழ்ந்த முகுந்த் வரதராஜன் அங்குப் பயின்று 2006-இல் அதிகாரியானவர். 2014-இல் காஷ்மீரத்துச் சோபியானில் உயிர் நீத்தார். அசோகச் சக்கர விருது அவர் மறைவுக்குப் பின் அளிக்கப்பெற்றது. உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. படைப்பணி என்றால் சீருடையும் சம்பளமும் மட்டுமல்ல என்பதைப் பெற்றோரும் அறிந்து விடைகொடுக்க வேண்டும் அல்லவா?

எவ்வழி வந்தாலும் பணித்தேர்வு வாரியத்தின் ஐந்து நாட் சோதனை உண்டு. முதல் நாளிலேயே பலர் திருப்பி அனுப்பப்படுவர். உடல் வலிமையைவிட, குழுவில் பிறரோடு இணைந்து செயலாற்றும் பண்பையும் இடர் வந்தபோது முடிவெடுக்கும் திறனையுமே அங்கு நோக்குகின்றனர். தமிழ்வழி பயின்றோர் நாள்தோறும் நண்பர் நால்வருடன் ஆங்கிலத்தில் உரையாடிப் பழகுக. பிழை நேர்ந்தால் நேரட்டும்.

அம்மாணவன் அவ்வாறே பழகினான். சென்ற திங்களில்தான் எழுத்துத் தேர்வை முடித்துவிட்டு வந்தான். முடிவை எதிர்நோக்கி இருவருமே காத்திருக்கிறோம்.