விந்துக் கொடையாளரைத் தெரிவு செய்தல்

கணவரிடம் விந்தணு இல்லையென உறுதியான பின், பிறர் விந்தினால் மகப்பேறு பெற விழையும் தம்பதிகள் பெரும்பாலும் முதலில் வினவுவது நிறத்தையும் உயரத்தையுமே. இரத்தத்தைப் பற்றி வினவுவோர் சிலரே.

மும்பைச் செம்பூரில் நாட்டுப் பிரிவினைக்குப் பின் குடியேறிய சிந்தி மக்கள் போன்ற சில சமூகத்தாரிடையே, தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகையின் கூறு மிகுதி. ஏனையோரிடமும் அது இல்லாமலில்லை. இக்கூறுடையவர் நலமாகவே வாழ்வராகையால், தோற்றத்தால் அறிய இயலாது. மனைவி, கொடையாளர் இருவருமே இக்கூறுடையவராயின், ஒவ்வொரு பேற்றிலும் நோயுற்ற குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அக்குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஹீமோகுளோபின் ஏ2 அளவுச் சோதனை இக்கூறினைப் பெரும்பாலும் காட்டிவிடும். இதனை மனைவிக்கு முதலில் செய்வதே சிக்கனம். கொடையாளரின் சோதனை முடிவையும் வங்கியில் கேட்டறிதல் வேண்டும்.

2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற வங்கியே 21 முதல் 55 வயதுவரையுள்ள ஆடவரிடம் விந்தினைப் பெறலாம். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, மேகநோய் ஆகியவற்றுக்கான சோதனைகள் கட்டாயமாகும். ஒருவரது விந்து ஒரு தம்பதிக்கு மேல் வழங்கப்படலாகாது.

குழந்தை யாருடையது என்ற ஐயமும் எழுவதுண்டு. அது அத்தம்பதியின் குழந்தையே. கொடையாளருக்கு அதன்மேல் எவ்வித உரிமையும் இல்லை.