நாற்றம் நீக்கப்பட்ட அறை: ‘பொட்டீக்’ ஓட்டலும் வடசென்னையும்

1

சென்னை நகரின் மையத்தில், நவீன அலங்காரத்துக்குப் பெயர்போன ஓர் ஓட்டலில் ஓர் இரவு தங்கும்படி ஆயிற்று. கருத்தரங்கு ஒன்றில் பேச அழைத்தவர்கள் அறை போட்டிருந்தார்கள். ஓட்டலின் பெயர் இங்கே வேண்டாம். இவ்வகை ஓட்டல்கள் பலவற்றிலும் ஏறக்குறைய இதேதான் இருக்கும்.

அறையின் ஒரு சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். கூரையில் குழாய்கள் மறைக்கப்படாமல், கறுப்பு பெயின்ட் அடிக்கப்பட்டு ஓடின. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு. அதைத் தாங்கி நின்றது மரக் கைப்பிடி வைத்த இரும்புக் கொக்கி. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதே மாதிரிக் கொக்கி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கும். பிள்ளைகள் தொடக்கூடாது. தொட்டால் கையெல்லாம் துருவும் வியர்வையுமாக நாறும்.

தண்ணீர் பாட்டில் வைக்க வந்த தம்பி பேச்சுக் கொடுத்தார்.

‘எந்த ஊரு சார்?’

‘திருவொத்தியூரு.’

‘அட, நான் காசிமேடு சார். பஸ்ஸப் புடிச்சா வூட்டுக்கே போயிர்லாமே, இங்க எதுக்கு சார்?’

அதற்கு என்னிடம் பதிலில்லை. கொக்கியைக் காட்டி, ‘இது இன்னான்னு தெரியுமா?’ என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். ‘டிசைன் சார்’ என்றார்.

இந்த ஒற்றைச் சொல்லைத்தான் இக்கட்டுரை விளங்கிக்கொள்ள முயல்கிறது. உழைப்புக் கருவி ஒன்று எப்போது டிசைனாகிறது? யாருக்காக ஆகிறது? ஆவதற்கு அதிலிருந்து எதை நீக்க வேண்டியிருக்கிறது?

2

தமிழில் ‘ஓட்டல்’ என்றால் சாப்பிடும் இடம். தங்கும் இடத்துக்கு நம்மிடம் வேறு சொற்கள் இருந்தன. சத்திரம், சாவடி, பிறகு லாட்ஜ், மேன்ஷன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சமூக உறவு பொதிந்திருக்கிறது. சத்திரம் வழிப்போக்கனுக்கு, எந்தச் சாதி வழிப்போக்கனுக்கு என்ற கேள்வியும் கூடவே வரும். மேன்ஷன் ஊரை விட்டு வேலை தேடி வந்த ஆம்பிளைக்கு.

ராயபுரத்தை ஒட்டி இன்னொரு வகையும் உண்டு. 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. அதை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. இதைக் கம்பெனிக்காரர்களின் கருணை என்று கொண்டாடத் தேவையில்லை. அந்தப் பஞ்சத்துக்குப் பின்னால் கம்பெனிக்கும் ஹைதர் அலிக்கும் நடந்த போர் இருந்தது. ஆனாலும் விருந்தோம்பல் என்ற சொல்லுக்கு எங்கள் பகுதியின் பொருள் அந்தத் தொட்டிதான். வருகிறவனின் பசியை அது முதலில் பார்த்தது. பொட்டீக் ஓட்டல் முதலில் பார்ப்பது வருகிறவனின் ரசனையை.

‘பொட்டீக்’ என்றால் பிரெஞ்சில் சிறு கடை. லண்டனில் 1978இல் அனுஷ்கா ஹெம்பெல் திறந்த பிளேக்ஸ், நியூயார்க்கில் 1984இல் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் திறந்த மார்கன்ஸ் ஆகிய இரண்டையும் இவ்வகையின் தொடக்கமாகச் சொல்வார்கள். பின்னிருவரும் அதற்கு முன் ‘ஸ்டுடியோ 54’ என்ற நடன விடுதியை நடத்தியவர்கள். யாரை உள்ளே விடுவது, யாரை வாசலிலேயே நிறுத்துவது என்பதைக் கவர்ச்சியாக்கிக் காட்டியவர்கள். மற்ற ஓட்டல்கள் பல்பொருள் அங்காடி என்றால் எங்களுடையது தனிக்கடை என்ற ஒப்புமையும் அவர்கள் பக்கமிருந்து வந்ததாகத்தான் சொல்லப்படுகிறது.

இதன் பொருளாதாரம் எளிமையானது. சங்கிலித்தொடர் ஓட்டல்கள் விற்றது ஒருபடித்தான தன்மையை. எந்த ஊருக்குப் போனாலும் அதே அறை, அதே சோப்பு. பொட்டீக் விற்பது வேறுபாட்டை. கட்டிலும் ஏசியும் இங்கேயும் அதேதான், ஆனால் அறைக்கு ஒரு ‘கதை’ உண்டு. கதையின் விலை வாடகையில் சேர்ந்துவிடும். 1998இல் ஸ்டார்வுட் நிறுவனம் ‘டபிள்யூ’ ஓட்டல்களைத் தொடங்கியபோது, வேறுபாட்டையே மொத்தமாக உற்பத்தி செய்யும் வேலையில் சங்கிலிகளும் இறங்கிவிட்டன. ஆக, கதைகளுக்குக் கச்சாப்பொருள் வேண்டியிருக்கிறது. அது பெரும்பாலும் அந்த இடத்தில் முன்பு நடந்த வேலையிலிருந்து எடுக்கப்படுகிறது.

3

சென்னையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அண்ணா சாலை 601ஆம் எண்ணில் 2002இல் திறக்கப்பட்ட ‘தி பார்க்’. ஏபிஜே சுரேந்திரா குழுமத்தைச் சேர்ந்தது. 1990 முதல் பிரியா பால் தலைமையில் இயங்கும் இச்சங்கிலி, பொட்டீக் பாணியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவற்றில் முதன்மையானது. 2024 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கும் வந்தது.

அந்த மனையில் முன்பு இருந்தது ஜெமினி ஸ்டுடியோ. தீ விபத்துக்குப் பின் ஏலத்துக்கு வந்த ஸ்டுடியோவை 1940இல் எஸ்.எஸ். வாசன் வாங்கி, 1948இல் ‘சந்திரலேகா’ எடுத்த நிறுவனம். ஸ்டுடியோ போய்விட்டது; மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும் ஜனங்கள் வாயில் அது ‘ஜெமினி’தான். சினிமாவும் போஸ்டர்களும் ஓட்டலின் அலங்காரமாக ஆகியிருக்கின்றன.

அசோகமித்திரன் அந்த ஸ்டுடியோவில் 1952 முதல் 1966 வரை வேலை பார்த்தவர். செய்தித்தாள்களை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோது மேக்கப் அறையின் படிநிலையைச் சொல்கிறார். கதாநாயகன், நாயகி முகத்துக்குத் தலைமை ஒப்பனைக்காரர். அடுத்த நிலை நடிகர்களுக்கு உதவியாளர்கள். கூட்டமாக வரும் துணை நடிகர்களுக்கு ஆபீஸ் பையன்; வாளியில் கரைத்த பூச்சு. போஸ்டரில் இடம்பெறுவது முதல் வகை முகம். வாளிப் பூச்சு வாங்கிய முகங்கள் எந்தச் சுவரிலும் ஏறுவதில்லை. ஓட்டல் இந்தப் படிநிலையைப் புதிதாக உண்டாக்கவில்லை. ஸ்டுடியோவின் மறதியை அப்படியே வாரிசுரிமையாக எடுத்துக்கொள்கிறது.

அதே ஓட்டலில் ‘லெதர் பார்’ என்று ஒரு மதுக்கூடம். தரையில்கூடத் தோல் பதித்ததற்காகப் பேசப்பட்டது. சென்னையும் தோல் வணிகமும் என்பது உண்மையான கதைதான். ஆனால் பெரியமேட்டுத் தோல் கிடங்குகளை ஒட்டி நடந்தவர்களுக்குத் தோல் என்றதும் முதலில் வருவது வாடை. தோலைத் தொட்டு வேலை செய்தவர் உடம்பின்மேல் சாதிச் சமூகம் ‘தீட்டு’ என்று எழுதியது. அவர் பதப்படுத்தித் தந்த அதே பொருள், இங்கே தொட்டுப் பார்க்க அழைக்கும் மென்மையாக விற்பனைக்கு வருகிறது. பொருள் இருக்கிறது. அதைச் செய்த உடல் இல்லை. இந்தச் செயல்பாட்டை நான் ‘நாற்ற நீக்கம்’ என்று அழைக்கிறேன். பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம், பூவும் நாறும். எப்போது எவருடைய மணம் துர்நாற்றம் ஆயிற்று என்பதிலேயே ஒரு சமூக வரலாறு இருக்கிறது.

4

இனி கொக்கிக்கு வருவோம். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்து முதுகில் ஏற்றிய வேலையைக் கிரேனும் இரும்புப் பெட்டியும் படிப்படியாக எடுத்துக்கொண்டன. அதே 1983இல் சிங்கப்பூர் நதியிலிருந்து சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. தொடக்க காலத்தில் அந்த நதியில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் நம் கரையிலிருந்து போன சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள், முக்கியமானவர்கள். 1977இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த தூய்மைத் திட்டம் நதியின் நாற்றத்தையும் போக்கியது, படகுகளையும் போக்கியது. அங்கே 1895இல் கட்டப்பட்ட கிடங்குகள் 2017இல் ‘தி வேர்ஹவுஸ் ஓட்டல்’ ஆயின. வரவேற்புக் கூடத்தில் தொங்கும் விளக்குகள் கப்பியும் சக்கரமுமான வடிவத்தில் செய்யப்பட்டவை.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வேலை போகிறது. பிறகு வேலைக்காரர்கள் போகிறார்கள். அடுத்தது நாற்றம். கடைசியாகக் கருவி மட்டும் திரும்பி வருகிறது, அலங்காரமாக.

எங்கள் பக்கம் இந்த வரிசை வெவ்வேறு கட்டங்களில் நிற்கிறது. பெரம்பூர் பின்னி ஆலைகளில்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921 வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக முடிந்த காயமும் அங்கேதான். 1996இல் ஆலை மூடப்பட்டது. அந்தச் செங்கல் சுவர்களைப் பின்னணியாக வைத்து எத்தனையோ சினிமாச் சண்டைகள் எடுக்கப்பட்டன, பிறகு அடுக்குமாடிகள் வந்தன. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. ராயபுரம் ரயில் நிலையமோ 1856இலிருந்து நிற்கிறது. இன்றும் ரயில் நிற்கும் நிலையம். அதைப் பெரிய முனையமாக்கி வண்டி விடு என்றுதான் ஜனங்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். பழமையைக் காட்சிப்பொருளாக்கு என்று கேட்பது வேறு, ரயில் விடு என்று கேட்பது வேறு.

5

வடசென்னைத் தொழிற்பட்டையில் பொட்டீக் ஓட்டல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. காரணம் எளிது. இங்கே வேலை இன்னும் நடக்கிறது, நாற்றம் இன்னும் நீங்கவில்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. அது கழுவப்படுவதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்துக்கு அருகே உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களை எழுப்பியது சத்தம் இல்லை, நாற்றம். மூச்சடைத்து, கண்ணெரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

‘ஓர் இரவு தங்குதல்’ என்பதற்கு அந்த ராத்திரி வேறு பொருள் இருந்தது. வீட்டை விட்டு ஓடுகிறவனுக்கு இந்த நகரம் எந்த அறையைத் திறந்து வைத்திருக்கிறது என்பதுதான் அந்தப் பொருள். குழாய் வெளியே தெரிவது மாநகர மையத்தில் அழகியல். எண்ணூரில் குழாய் தெரிந்தால் உயிர்ப்பயம்.

6

இதுவரை எழுதியதை நம் பக்கமும் திருப்ப வேண்டியிருக்கிறது. குறைந்த பிரதி, தேர்ந்தெடுத்த வாசகர், வெகுஜனப் பத்திரிகை பல்பொருள் அங்காடி என்றால் நாம் தனிக்கடை. சிறுபத்திரிகையின் பெருமையும் இதே தர்க்கத்தில் ஓடவில்லையா? ‘விளிம்பு’, ‘அடித்தட்டு’ என்று நாம் எழுதும்போது காசிமேட்டின் வசை, மீன்வாடை, கானா எல்லாம் நம் பிரதிக்குத் தனிச்சுவை தரும் கச்சாப்பொருளாகிவிடுகின்றன. சினிமாவும் எங்கள் பகுதியை ரசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ‘சார்பட்டா பரம்பரை’ (2021) போன்ற படம் இங்குள்ளவர்களின் வரலாற்றைப் பெயர் சொல்லித் திருப்பித் தந்தது. அதே அலையில் வெறும் பின்னணிச் சுவராக எங்களைப் பயன்படுத்திய படங்களும் வந்தன. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஓர் அளவுகோலை முன்வைக்கிறேன், விவாதத்துக்காக. ஒரு பிரதியோ ஒரு கட்டிடமோ உழைப்பின் பொருளை எடுக்கும்போது அதைச் செய்தவரின் பெயர், கூலி, நோய், இன்றைய இருப்பிடம் ஆகிய நான்கில் எதையாவது கூடவே கொண்டுவருகிறதா? ஒன்றுகூட வரவில்லையென்றால் அங்கே நாற்ற நீக்கம் நடந்திருக்கிறது. ஓட்டலிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. அதன் வியாபாரமே அது. நம்மிடம் கேட்கலாம். மீனவர், துறைமுகத் தொழிலாளர் பற்றிய கூட்டங்களை ஏன் நகர மையத்தின் குளிரூட்டிய அரங்குகளில் நடத்துகிறோம்? காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் கூடங்கள் இல்லையா? கொக்கி பிடித்த கைகளில் இன்னும் உயிரோடிருப்பவை எத்தனையோ. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைக்க யார் போயிருக்கிறோம்?

மறுநாள் கருத்தரங்கில் அந்தக் கொக்கியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். முந்தின ராத்திரி, ‘டிசைன் சார்’ என்று சொன்ன காசிமேட்டுத் தம்பியிடம், அது என்ன, அதைப் பிடித்தவர்கள் யார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘அப்பிடியா’ன்னு கேட்டுக்கொண்டு நின்றேன்.