உடன்நிகழ் செய்நிரலாக்கமும் பாதுகாப்பும்

உடன்நிகழ்வாக இயங்கும் செய்நிரற் கூறுகள் ஒரே தரவைப் பகிரும்போது, அவற்றின் முந்துதலும் பிந்துதலும் விளைவையே மாற்றிவிடக்கூடும். 1985 - 1987 காலப்பகுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி ஆறு நோயாளருக்கு அளவுமீறிய கதிரைப் பாய்ச்சியது, சிலர் இறந்தனர். இவ்வனர்த்தங்களுட் சிலவற்றின் காரணம் இதுவே. இயக்குநர் விரைந்து செய்த திருத்தத்தை ஒரு கூறு அறிந்தது, மற்றையது அறியவில்லை. அச்செய்நிரல் எவ்விதக் காப்புமற்ற தாழ்மட்ட மொழியில் எழுதப்பட்டிருந்தது.

இத்தகைய வழு சோதனையின்போது பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. ஆகவே, எழுதுவோரின் விழிப்பு மாத்திரம் போதாது. பேர் பிரிஞ்ச் ஹன்சன் 1975 இல் வெளியிட்ட கொன்கரன்ற் பஸ்கால் என்னும் உயர்மட்ட மொழி, பகிரப்படும் தரவை ‘மொனிற்றர்’ என்னும் அமைப்பினுள் அடைத்தது. ஒருவேளையில் ஒரு கூறே அதனுட் செயற்படலாம். விதியை மீறும் செய்நிரலை, அதனைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பியே நிராகரித்தது.

1990களின் நடுப்பகுதியில் வந்த ஜாவாவோ பூட்டை வழங்கியதேயன்றிப் பூட்டுமாறு வற்புறுத்தவில்லை. 1999 இல் ஹன்சன் இதனை வன்மையாகக் கண்டித்தார். 2015 இல் முதற் பதிப்புக் கண்ட ரஸ்ற் மொழி, தரவு மோதலைத் தொகுப்பு நிலையிலேயே தடுக்கும் நெறியை மீட்டது. எனினும், கூறுகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து முடங்கும் நிலையை அதுவுந் தடுப்பதில்லை.

1844 ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடுமாறு பணித்தது, ஆலையதிபர்கள் எதிர்த்தனர். வேலியற்ற பொறியருகே தொழிலாளியைக் கவனமாயிருக்கச் சொல்வது மலிவானது. மொழியின் வடிவமைப்பிலும் அதே தெரிவு மறைந்திருக்கின்றது. அத்தெரிவைச் செய்வோர் யாவர், அதன் விலையைச் செலுத்துவோர் யாவர் என நாம் வினவுதல் வேண்டும்.