இ.எம்.ஐ.யோடு முடியாத வீடு

பழைய மகாபலிபுரம் சாலையில் 1,600 சதுர அடி வீடு, விலை 1 கோடியே 20 லட்சம். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ் எல்லாம் உண்டு. கணவனும் மனைவியும் சம்பாதிக்கும் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இ.எம்.ஐ. கணக்குப் போடுகிறது. சமாளித்துவிடலாம் என்று தோன்றியதும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் போட்டது பாதிக் கணக்குதான்.

75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடன் என்றால், வீட்டின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, வங்கி தருவது 90 லட்சம். மீதி 30 லட்சம் நம் கையிலிருந்து போக வேண்டும். கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 6 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக இன்னொரு 7 சதவீதம், 8 லட்சத்து 40 ஆயிரம். பத்திரச் செலவை வீட்டுக் கடனில் சேர்க்க முடியாது. மரவேலை தொடங்கும் முன்பே 44 லட்சம் கரைந்துவிடுகிறது. பலர் நகையை அடகு வைப்பதும், தனிநபர் கடன் வாங்குவதும் இந்த இடத்தில்தான்.

90 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 78,100 ரூபாய். கடனைக் கட்டி முடிக்கும்போது மொத்தம் 1 கோடியே 87 லட்சம் போயிருக்கும். இதற்காவது ஒரு முடிவு உண்டு. மெயின்டனன்ஸுக்கு அதுவும் கிடையாது.

சதுர அடிக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 8,000. பெரும்பாலும் இதை சூப்பர் பில்ட்அப் அளவுக்கே வசூலிக்கிறார்கள். உள்ளே நாம் புழங்கும் இடம் 1,100, 1,200 சதுர அடிதான் இருக்கும். லாபிக்கும் படிக்கட்டுக்கும் சேர்த்தே கட்டுகிறோம். தொகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வரலாம். முழுத் தொகைக்கும் வரி போட்டால் 8,000 ரூபாய் 9,440 ஆகிவிடும்.

அந்தப் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் தன் பில்லைக் காட்டினார். லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், செக்யூரிட்டி, கழிவுநீர் சுத்திகரிப்பு, நீச்சல் குளம். இவற்றுக்குக் கீழே தனியாக ஒரு வரி: டேங்கர் தண்ணீர். நீச்சல் குளத்தில் அவர் வீட்டார் இறங்கியதே இல்லை. ஆனாலும் அதற்கான பங்கு மாதம் தவறாமல் போகிறது.

அந்தத் தண்ணீர்ச் செலவை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சாலையில் பல குடியிருப்புகளின் அன்றாடம் லாரியை நம்பித்தான் ஓடுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, அங்குள்ள சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. வீட்டிலும் அதே தட்டுப்பாடுதான்.

கட்டடத்துக்கு வயது ஏற ஏற லிஃப்ட் மாற்றுவது, வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது என்று பெரிய செலவுகள் வரும். குடியிருப்பின் பொதுச் சேமிப்பான கார்பஸ் ஃபண்ட் போதாவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு பிரிப்பார்கள். அப்போது இ.எம்.ஐ.யும் ஓடிக்கொண்டிருக்கும், இருவரில் ஒருவருக்கு வேலை போயிருக்கவும் கூடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்தப் பக்கம் ஏற்கெனவே குடியிருப்பவர் யாரிடமாவது கடந்த 12 மாத மெயின்டனன்ஸ் பில்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதத் தண்ணீர்க் கணக்கை முதலில் பாருங்கள்.