எதிரி நாட்டு சாமிக்கே 'அழைப்பு' வைத்த ரோமானியர்கள்: தோற்றவர்களின் தெய்வங்களுக்கு என்ன ஆனது?

ஒரு நாட்டைப் போரில் ஜெயித்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும்? கோவிலை இடிப்பார்கள், சிலையை உடைப்பார்கள். பழங்காலப் போர் என்றாலே நமக்கு மனசுல வருவது இதுதான்.

ஆனால் பழங்கால ரோமானியர்கள் பல நேரங்களில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார்கள். எதிரியின் சாமியை உடைக்காமல், 'எங்க ஊருக்கு வந்துடுங்க' என்று முறையாகக் கூப்பிட்டார்கள்! அது ஏன்? எல்லா தெய்வங்களுக்கும் இந்த மரியாதை கிடைத்ததா? வாங்க, பார்க்கலாம்.

முற்றுகைக்கு நடுவே ஒரு வேண்டுதல்

ரோமுக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது வேயி. எட்ருஸ்கர்கள் என்ற மக்களின் செழிப்பான நகரம் அது. இந்த ஊரை 10 ஆண்டுகள் முற்றுகையிட்டு, கி.மு. 396-ல் பிடித்ததாக ரோமானிய மரபு சொல்கிறது. தளபதியின் பெயர் கமில்லஸ்.

கடைசித் தாக்குதலுக்கு முன்பு கமில்லஸ் ஒரு வேண்டுதல் வைத்தார். அதுவும் யாரிடம்? எதிரி ஊரில் குடியிருந்த ஜூனோ தேவியிடம்! ரோமுக்கு வந்துவிட்டால், உன் பெருமைக்கு ஏற்ற கோவில் கட்டித் தருகிறோம் என்பதுதான் அந்த வேண்டுதலின் சாரம்.

ஊர் விழுந்த பிறகு நடந்ததை ரோமானிய வரலாற்று ஆசிரியர் லிவி விவரிக்கிறார். தேர்ந்தெடுத்த இளைஞர்கள் குளித்து, வெள்ளை உடை உடுத்தி, பயபக்தியோடு கோவிலுக்குள் போனார்கள். ஒருவன் சிலையைப் பார்த்து, ரோமுக்கு வர சம்மதமா என்று கேட்டான். தேவி தலையசைத்துவிட்டாள் என்று மற்றவர்கள் கத்தினார்களாம். வேயியில் இருந்த ஜூனோ, ரோமின் அவென்டைன் குன்றுக்குக் குடிபெயர்ந்தாள். கி.மு. 392-ல் அங்கே அவளுக்குக் கோவிலும் திறக்கப்பட்டது.

இந்தச் சடங்குக்கு லத்தீன் மொழியில் 'எவோகாட்டியோ' என்று பெயர். 'வெளியே அழைப்பது' என்று அர்த்தம்.

சாமியை ஏன் அழைக்க வேண்டும்?

ஒவ்வொரு ஊரையும் ஒரு தெய்வம் காக்கிறது என்று ரோமானியர்கள் நம்பினார்கள். அந்தத் தெய்வம் உள்ளே இருக்கும்வரை ஊரைப் பிடிக்க முடியாது. மீறிப் பிடித்தால் தெய்வக்குற்றம். அதனால் முதலில் சாமியை வெளியே வரவழைக்கணும், அப்புறம்தான் ஊரைத் தாக்கணும்.

இதே பயம் அவர்களுக்கும் இருந்தது. ரோமைக் காக்கும் தெய்வம் எது என்பதே ரகசியமாக வைக்கப்பட்டதாக கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி எழுதியிருக்கிறார். காரணம் சிம்பிள். எதிரிக்குப் பெயர் தெரிந்தால், அவனும் அழைத்துக்கொண்டு போய்விடுவானே!

சாமிக்குக் கோவில், மக்களுக்கு சங்கிலி

'பரவாயில்லையே, ரோமானியர்கள் நல்லவங்கதான்' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்க.

ஜூனோவை மரியாதையோடு கொண்டுபோன அதே வெற்றியில், வேயி மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். கி.மு. 146-ல் கார்த்தேஜ் நகரை ரோம் அழித்தபோதும் இதுதான் நிலை. அங்கே சொல்லப்பட்டதாக ஒரு சடங்கு வாசகத்தை மக்ரோபியஸ் என்ற எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார். முதலில் தெய்வங்களை வெளியேறும்படி அழைப்பு. அடுத்து, ஊரும் படையும் அழியட்டும் என்று சாபம். தெய்வத்துக்குப் போக வழி இருந்தது, மக்களுக்கு இல்லை.

ஒரே நாடு, இரண்டு முகம்

பிற்காலத்தில் ரோம் இன்னொரு வழியையும் கையாண்டது. உள்ளூர் தெய்வத்தோடு தன் தெய்வத்தின் பெயரைச் சேர்த்துவிடுவது! இங்கிலாந்தின் பாத் நகரில் உள்ள வெந்நீர் ஊற்றில் சுலிஸ் என்ற தேவியை உள்ளூர் மக்கள் கும்பிட்டார்கள். ரோமானியர்கள் அவளை 'சுலிஸ் மினர்வா' ஆக்கி, கோவிலும் குளியல் கூடமும் கட்டினார்கள். 'என் உடையைத் திருடியவனைத் தண்டி' என்பது போல தேவியிடம் முறையிட்டு எழுதிய சுமார் 130 உலோகத் தகடுகள் அந்த ஊற்றில் கிடைத்திருக்கின்றன.

ஆனால் அதே பிரிட்டனில் கி.பி. 60 வாக்கில் ரோமானியப் படை ஆங்கிள்சி தீவுக்குள் புகுந்தது. ட்ரூயிட் எனப்படும் பூசாரிகளின் புனிதத் தோப்புகளை வெட்டிச் சாய்த்தது. ரோமை எதிர்த்தவர்களுக்கு அந்தத் தீவு புகலிடமாக இருந்தது.

ஆக, கும்பிட வரும் கூட்டம் ரோமின் கட்டுப்பாட்டில் இருந்தால் கோவில். எதிர்த்து நின்றால் கோடாரி.

'5 பேருக்கு மேல் கூடக்கூடாது'

இந்தக் கணக்குக்கு எழுத்துப்பூர்வ ஆதாரமே இருக்கிறது. கிரேக்கர்கள் வழியாக இத்தாலியில் பரவிய பாக்கஸ் வழிபாட்டுக்கு கி.மு. 186-ல் செனட் சபை கட்டுப்பாடு விதித்தது. அந்த உத்தரவு பொறித்த வெண்கலப் பலகை இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது.

வழிபாட்டை முழுசா தடை செய்யவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் அனுமதி இல்லாமல் 5 பேருக்கு மேல் கூடக்கூடாது, பொது நிதி வைக்கக்கூடாது, உறுதிமொழி எடுத்து ஒருவரோடொருவர் பிணைத்துக்கொள்ளக்கூடாது. சாமியை விட, அதன் பின்னால் திரளும் அமைப்பைப் பார்த்துத்தான் ரோம் பயந்தது.

ஜெருசலேமில் நடந்தது

யூதர்கள் தங்கள் கடவுளை வேறு எந்தத் தெய்வத்தோடும் சேர்க்க சம்மதிக்கவில்லை. அவர்களின் கோவிலில் எடுத்துப் போக சிலையும் கிடையாது. ஆனாலும் ரோம் நீண்ட காலம் அவர்கள் வழிபாட்டை அனுமதித்தது. யூத ஆண்கள் ஆண்டுதோறும் ஜெருசலேம் கோவிலுக்குப் பணம் அனுப்பவும் விட்டது.

கி.பி. 66-ல் கிளர்ச்சி வெடித்தது. 70-ல் கோவில் எரிந்தது. அங்கிருந்த ஏழு கிளை விளக்கை வீரர்கள் தூக்கிப் போகும் காட்சியை ரோமில் உள்ள டைட்டஸ் வளைவில் இன்றைக்கும் பார்க்கலாம்.

அதோடு முடியவில்லை. கோவிலுக்கு அனுப்பிய அந்தக் காணிக்கையை ரோம் வரியாக மாற்றியது. ஆண்டுக்கு 2 டெனாரியஸ். பெண்கள், குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. பணம் போய்ச் சேர்ந்தது யாருக்குத் தெரியுமா? ரோமின் ஜூபிடர் கோவிலுக்கு!

எல்லா சாமியையும் ஏற்றுக்கொண்ட பேரரசு என்று ரோமைப் பலரும் புகழ்வது உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதியைத் தெரிந்துகொள்ள, கதையைச் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். ஜூனோ தலையசைத்தாள் என்று எழுதி வைத்தவர்கள் ஜெயித்தவர்கள். அடிமையாக விற்கப்பட்ட வேயி மக்கள் அன்று என்ன பார்த்தார்கள் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை.