மண்ணில் எஞ்சும் சாட்சியம்: இனவழிப்பு ஆய்வில் தொல்லியலின் பங்கு

முன்னுரை

தொல்லியல் என்றதும் ஆதிச்சநல்லூர், கீழடி முதலான தொன்மைக் களங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அண்மைக்காலப் படுகொலைக் களங்களும் இன்று அத்துறையின் ஆய்வுப்பரப்பில் அடங்கும். ஆவணங்கள் அழிக்கப்பட்ட இடத்தில் மண்ணடுக்கே சான்றாக எஞ்சுகிறது. அச்சான்று எதை நிறுவும், எங்கு நின்றுவிடும் என்பதைப் போலந்து, இலங்கை ஆகிய நாடுகளின் களங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சோபிபோர்: அழிக்கப்பட்ட தடயம்

போலந்தின் சோபிபோர் முகாமில் 1942–43ஆம் ஆண்டுகளில் குறைந்தது 1,67,000 பேர் கொல்லப்பட்டனர்; அவர்களுள் மிகப்பெரும்பாலோர் யூதர். 1943 அக்டோபர் 14 அன்று கைதிகள் கிளர்ந்தெழுந்தபின், நாஜிகள் முகாமை இடித்து அவ்விடத்தில் மரங்களை நட்டனர். 2007இல் தொடங்கிய அகழாய்வு, 2014இல் நச்சுவாயு அறைகளின் அடித்தளத்தை வெளிக்கொணர்ந்தது. அங்குக் கிடைத்த பதக்கம் ஒன்றில் 1929 ஜூலை 3 என்னும் பிறந்த நாளும் பிராங்க்பர்ட் என்னும் ஊர்ப்பெயரும் இருந்தன, பெயர் இல்லை. நாடுகடத்தல் பட்டியல்களோடு ஒப்பிட்டு, அப்பதக்கத்திற்கு உரிய சிறுமியை ஆய்வாளர்கள் இனங்கண்டனர்.

யூதச் சமயநெறி புதைகுழியைக் கலைப்பதை ஏற்பதில்லை. எனவே திரெப்லிங்கா முகாமில் தரை ஊடுருவும் ரேடார், மின்தடை அளவீடு முதலியவற்றால் புதைகுழிகளைத் தோண்டாமலே அவற்றின் எல்லைகளைக் கண்டறிந்தனர்.

மன்னார்: காலக்கணிப்பின் பாடம்

2018இல் மன்னார் நகரில் கட்டுமானப் பணியின்போது வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அங்கு விடையை எதிர்பார்த்தனர். ஆனால் ஆய்வுக்கு அனுப்பப்பட்ட ஆறு மாதிரிகளின் காலம் கி.பி. 1404–1635 என 2019இல் கதிரியக்கக் கரிமக் கணிப்பு காட்டியது. முடிவை முன்கூட்டியே கருதிக்கொள்ளக் கூடாது என்பது இதன் பாடம். சில மாதிரிகளின் காலம் மட்டுமே ஒரு களத்தின் முழு வரலாறாகிவிடாது. மண்ணடுக்கு, உடன்கிடைத்த பொருள்கள் ஆகியவற்றோடும் அதனைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

செம்மணி: பொருளும் நினைவும்

யாழ்ப்பாணத்துச் செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டதாகப் படைவீரர் ஒருவர் 1998இல் நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் 15 உடல்கள் மீட்கப்பட்டன. 2025இல் அருகிலுள்ள சிந்துபாத்தி மயானத்தில், நீதிமன்ற மேற்பார்வையில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பள்ளிப்பை, வளையல், பொம்மை முதலியனவும் கிடைத்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் இப்பொருள்கள் உறவினர் அடையாளங்காணும் பொருட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சோபிபோரில் பட்டியல் செய்த பணியை இங்கு உறவினரின் நினைவு செய்ய வேண்டியுள்ளது.

இக்களம் மயானமாதலால், முறைப்படி புதைத்த உடலையும் மறைத்துப் புதைத்த உடலையும் வேறுபடுத்துவது இன்றியமையாதது. குழியின் ஆழம், உடல் கிடந்த நிலை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தமை ஆகியன இதற்கு உதவும். இவற்றைப் பதியாமல் எலும்பை எடுத்துவிட்டால் அச்சான்றை மீளப்பெற இயலாது.

முடிவுரை

இறந்தவர் யார், எப்போது, எவ்வாறு இறந்தார் என்பவற்றை நிறுவத் தொல்லியல் துணைசெய்யும். ஓர் இனத்தை அழிக்கும் உள்நோக்கம் இருந்ததா என்பது, 1948ஆம் ஆண்டின் ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையின்வழி நீதிமன்றம் தீர்க்க வேண்டிய வினா. இவ்வெல்லையைப் பேணும் ஆய்வே மறுப்பாளரின் முன் உறுதியாக நிற்கும். தமிழகப் பல்கலைக்கழகங்களின் தொல்லியல் பாடத்திட்டத்தில் தடயத் தொல்லியலுக்கும் உரிய இடம் அளித்தல் காலத்தின் தேவையாகும்.